ஊர் போதும் என்று சொல்லும் வரை

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் இப்போது இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நாட்டை, பூபாலதேவர் என்ற அரசர் ஆண்டு வந்தார். நல்ல அரசர். ஆண்டுக்கு ஒரு தடவை நாட்டைச் சுற்றிப் பார்ப்பார். சுற்றிவிட்டு வந்து ஒரு மாதம் படுத்துக் கொள்வார்.

குற்றம் அவருடையது அல்ல. பயணத்திட்டம் போடுவது பேரமைச்சர் தாமோதரராயர். அவருக்கு எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரித்து அடுக்கினால்தான் தூக்கம் வரும். போன ஆண்டு முதலில் கோயில்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தார். படி ஏறி ஏறி அரசரின் முழங்கால் போயிற்று. அடுத்து விருந்துகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தார், வயிறு போயிற்று. கடைசியில், முழங்காலும் வயிறும் இல்லாத நிலையில், மலைகளை வைத்திருந்தார். அரசரைப் பல்லக்கில் அல்ல, கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

இந்த ஆண்டு மருத்துவர் எழுந்து நடக்கலாம் என்று சொன்ன அன்றே அரசர் சபையைக் கூட்டினார்.

"பயணம் என்பது தராசு போல் இருக்க வேண்டும். நடையும் ஓய்வும், கோயிலும் விருந்தும், மலையும் கடலும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்க வேண்டும். முள் ஒரு பக்கமும் சாயக் கூடாது. அப்படி ஒரு திட்டம் போட இந்தச் சபையில் யாருக்குத் தெரியும்?"

சபையில் எல்லாரும் தத்தம் கால் கட்டை விரலைப் பார்த்தார்கள். தாமோதரராயர் மட்டும் எழுந்தார். போன ஆண்டுத் திட்டத்தைக் குத்திக் காட்டி அரசர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு மிளகாய்ப் பொடியாக எரிந்து கொண்டிருந்தது. அதைவிட எரிச்சல், அதைக் கேட்டு அரசவை விகடர் நல்லகூத்தன் சிரித்தது.

"அரசே, இவ்வளவு நுட்பமான வேலைக்கு நம் விகடரை விட்டால் ஆள் ஏது? ஒரே ஒரு வேண்டுகோள். மிளகுச்சாரல், கதிர்மங்கலம், உப்பங்கரை ஆகிய மூன்று ஊர்த் தலைவர்களும் அரசர் எங்கள் ஊரில் குறைவாகத் தங்கினார் என்று ஆண்டுதோறும் வருந்துகிறார்கள். இம்முறை மூவரில் ஒருவர்கூடக் குறை சொல்லக் கூடாது. சொன்னால், திட்டம் போட்டவர் நாட்டின் எல்லைக்கு அப்பால் போய் அங்கே விகடம் செய்யட்டும்."

அரசர்களுக்குப் பிறர் தலையைப் பணயம் வைப்பது எப்போதும் எளிதாகவே இருந்திருக்கிறது. "நியாயம்தானே, நல்லகூத்தா?" என்றார்.

"மிக நியாயம், அரசே" என்றான் நல்லகூத்தன்.

அன்று மாலைக்குள், சபைக்கு வந்திருந்த மூன்று தலைவர்களும் தனித்தனியாக அவனைப் பிடித்துக் கொண்டார்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: மற்ற இரண்டு ஊர்களையும்விட எங்கள் ஊரில் அரசர் அதிக நாள் தங்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் சபையிலேயே சொல்லிவிடுவோம். ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்டால் மூவரும் ஒரே மாதிரி வானத்தைப் பார்த்தார்கள்.

மூன்று பேருக்கும் மற்ற இருவரைவிட அதிகம் கொடுப்பது எப்படி? நல்லகூத்தன் யோசித்துக் கொண்டே வீட்டுக்குப் போனான். யோசனை வாசலில் முட்டி நின்றது. உள்ளே அவன் மனைவி கோமளவல்லி கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள்.

"எந்த நாட்டுக்குப் போகலாம்னு சொல்லு" என்றான்.

"என்ன பண்ணி வச்சீங்க?"

சொன்னான். அவள் ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள்.

"எங்க அம்மா வீட்டுக்கு ரெண்டு நாள் போக ஒரு மூட்டை கட்டத் தெரியாது. மாத்து வேட்டிய வச்சிட்டு, தலகாணிய எடுத்துட்டு வந்தவர் நீங்க. உங்களப் பார்த்து அரசருக்குத் திட்டம் போடச் சொல்றாங்களா?"

"அதை நான் சபையில சொல்லல."

"நான் வருஷா வருஷம் மூணு அக்கா வீட்டுக்கும் போய்ட்டு வரேன். மூணு பேருமே என் வீட்லதான் நீ அதிக நாள் இருக்கணும்னு மூக்க உறிஞ்சறவங்கதான். என்னிக்காவது எவளாவது குறை சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

இல்லை. நல்லகூத்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எப்படி?"

"இத்தனை நாள்னு சொல்லிட்டுப் போனாத்தான குறை? நான் நாளே சொல்ல மாட்டேன். அவ வாயால 'போதும்டி, உன் வீட்டுக்காரர் தேடுவாரு, கிளம்பு'ன்னு சொல்ற வரைக்கும் இருப்பேன். அவளே அனுப்பினப்புறம் அவளே எப்படிக் குறை சொல்லுவா?"

"எல்லாரும் சொல்லிடுவாங்களா?"

"மூத்தவ சீக்கிரம் சொல்லுவா. நடுவுல உள்ளவ பானை காலியாகிறப்ப சொல்லுவா. சின்னக்கா இருக்காளே, அவ வீட்ல எதுவும் குறையாது, சொல்லவே மாட்டா. அதனால அவ வீட்டுக்கு மட்டும் கடைசியா, அறுப்பு நேரமாப் பார்த்துப் போவேன். வேலை கெடுதுன்னா வாய் தானாத் தொறக்கும்." கீரையை அள்ளிக் கொண்டு எழுந்தாள். "நாடு கடத்தினா தலகாணிய நானே எடுத்து வைக்கிறேன். நீங்க எதையும் தொடாதீங்க."

மறுநாள் சபைக்கு நல்லகூத்தன் ஓலை எதுவும் கொண்டு வரவில்லை. அரண்மனைத் துலாத் தராசை நான்கு பேரை விட்டுத் தூக்கி வரச் செய்தான்.

அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசர் எந்த ஊருக்குப் போனாலும், போய் இறங்கிய அன்றே துலாத் தட்டில் உட்கார்வது அந்நாட்டு வழக்கம். எதிர்த் தட்டில் ஊர்க்காரர்கள் தங்கள் விளைபொருளை எடைக்கு எடை வைப்பார்கள். அது தலைநகரின் அன்னசாலைக்குப் போகும். இறங்கிய உடனே எடை போட்டுவிடுவதால், பிறகு அரசருக்கு எவ்வளவு ஊட்டினாலும் அந்த ஊர் வைக்கும் எடை கூடாது. ஏறியதை அடுத்த ஊர் சுமக்கும். போன ஆண்டு கடைசியாக வந்த மிளகுச்சாரலில், அரசர் தட்டில் உட்கார்ந்ததும் தலைவர் கொம்பையன் வாய்விட்டு அழுதார். பக்தி என்று எல்லாரும் நினைத்துக் கொண்டார்கள்.

"திட்டம் எங்கே?" என்றார் தாமோதரராயர்.

"இதுதான். பயணம் தராசு போல் இருக்க வேண்டும் என்று அரசர் சொன்னார். 'போல்' எதற்கு என்று தராசையே கொண்டு வந்துவிட்டேன்."

சபையில் இரண்டொருவர் கனைத்தார்கள்.

"முதலில் மலை, பிறகு வயல், கடைசியில் கடல். எந்த ஊரிலும் நாள் கணக்குக் கிடையாது. ஊர்த் தலைவர் 'போதும்' என்று சொல்லும்வரை அரசர் தங்குவார். வழக்கத்தில் ஒரே ஒரு மாற்றம். அரசரை வந்த அன்று எடை போடக் கூடாது. கிளம்பும் அன்று போட வேண்டும்."

மூன்று தலைவர்களின் முகமும் மலர்ந்தது. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளலாமாமே! கடைசி வாக்கியம் அவர்கள் காதில் விழுந்தது. உள்ளே போகச் சற்று நாளாயிற்று.

"நல்லகூத்தா, முள் நடுவில் நிற்குமா?" என்றார் அரசர்.

"இப்போதே எடைக்கு ஒரு கல் வைத்துக் கொள்வோம், அரசே. திரும்பி வந்து அதே கல்லோடு உட்காருங்கள். சாய்ந்திருந்தால் எல்லைக்கு நானே நடந்து போகிறேன்."

வேண்டாத வாய். வீட்டில் சொன்னால் அடி விழும் என்று தெரிந்ததால் கோமளவல்லியிடம் இதை அவன் சொல்லவில்லை.

மிளகுச்சாரலில் முதல் நாள் விருந்து பிரமாதம். அரசர் மூன்று தடவை பாயசம் வாங்கினார். மூன்றாவது தடவை கரண்டி சாய்ந்தபோதுதான் கொம்பையனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் உள்ளே போய்ச் சேர்ந்தது. ஒரு கூடை மிளகு காயப் போட்டு எடுக்க எத்தனை பேர் முதுகு வளைகிறது என்பது அவருக்குத் தெரியும். அரசரின் இடுப்பையே பார்த்துக் கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அரசருக்குக் கஞ்சியும் கொள்ளுத் துவையலும் வந்தன.

"இது என்ன?" என்றார் அரசர்.

"மலைக்காத்துக்கு இதுதாங்க ஒத்துக்கும். சாப்பிட்டுக் கிளம்புங்க, அருவி பார்க்கலாம்."

"பல்லக்கு?"

"அந்த வழியில பல்லக்கு போவாதுங்க." பல்லக்கு போகும் வழிகளை எல்லாம் கொம்பையன் விடியும்முன்பே மரம் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்.

அரசர் நடந்தார். அருவி பார்த்தார். நடந்து வந்த களைப்பில், வாழ்நாளில் முதல் தடவையாக, பாட்டுக் கச்சேரி இல்லாமலே தூங்கினார். அடுத்த நாள் கோயில், அதற்கடுத்த நாள் சிகரம். தாமோதரராயர் பின்னாலேயே மூச்சிரைக்க வந்தார். ஆனால் கொம்பையன் எதிர்பாராத ஒன்று நடந்தது. நடந்தால் அரசருக்குப் பசித்தது. கஞ்சிப்பானை ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகியது. மலை ஏறி இறக்கிய எடையை அரசர் மறுபடி தின்று ஏற்றிவிடுவார் போலிருந்தது. ஐந்தாம் நாள் காலை கொம்பையன் கும்பிட்டார்.

"போதும்ங்க. எங்க ஊரு நிறைஞ்சு போச்சு. மத்த ஊருக்காரங்களும் பாவம் இல்லீங்களா?"

துலாத் தட்டில் அரசர் கண்ணுக்குத் தெரியவே இளைத்திருந்தார். கொம்பையன் இந்த ஆண்டு அழவில்லை.

கதிர்மங்கலத்தில் நெல்லுக்குக் குறைவில்லை. தலைவர் மருதப்பர் கொட்டகை நிறையச் சமையல்காரர்களை வைத்திருந்தார். அரசர் சாப்பிட்டார், வாய்க்கால் மேட்டில் மரநிழலில் படுத்தார், எழுந்து சாப்பிட்டார். மலையில் இறங்கியது வயலில் ஏறியது. மருதப்பர் கவலைப்படவில்லை, பத்தாயம் பெரிது. ஒரு வாரம் கழிந்து அவர் மனைவி வந்து, "இனிமே அளக்கறதுன்னா விதைநெல்லத்தான் அளக்கணும், சொல்லிட்டேன்" என்றாள். மருதப்பர் அந்த நிமிடமே ஓடிப் போய், உண்டு கொண்டிருந்த அரசரின் முன்னால், "நிறைவு அரசே, நிறைவு!" என்று கும்பிட்டார். அரசர் மீதிச் சோற்றையாவது முடிக்கலாமா என்று கேட்டு முடித்தார்.

உப்பங்கரையில்தான் வண்டி நின்று போயிற்று.

முதல் மூன்று நாள் விருந்து. பிறகும் விருந்து. ஊரே அரசரைச் சுற்றி நின்றது. சமைத்தது, பாடியது, படகு ஓட்டியது. கடலில் குளித்து, மணலில் நடந்து, மீன் தின்று அரசர் ஆனந்தமாக இருந்தார். எட்டு நாள் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. தலைவர் கடலாண்டி வாயைத் திறக்கவில்லை.

கடற்கரையில் தாமோதரராயர் நல்லகூத்தனின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் பல நாளாகக் காணாமல் போயிருந்த புன்னகை இருந்தது.

"விகடரே, மிளகுக்கு அஞ்சினார்கள், நெல்லுக்கு அஞ்சினார்கள். உப்புக்கு யாராவது அஞ்சுவார்களா? வேண்டுமானால் ஒரு யானையை எடை போடட்டும், உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். கடலாண்டி போதும் என்று சொல்லப் போவதில்லை. அரசர் ஒரு மாதம் இங்கே தங்கினால், மற்ற இருவரும் சபையில் என்ன சொல்வார்கள்?"

"தங்களுக்குக் கடற்காற்று நன்றாக ஒத்துக் கொள்கிறது, அமைச்சரே."

"நீரும் பழகிக் கொள்ளும். எல்லைக்கு அப்பாலும் கடல்தான்."

அவர் போனதும் நல்லகூத்தன் கிழக்கே பார்த்தான். இரண்டு நாளாக அவன் அதையேதான் செய்து கொண்டிருந்தான். வானத்தின் ஓரத்தில் சுண்டு விரல் அளவு கறுப்பு ஒன்று தெரிந்தது. நேற்றும் தெரிந்தது, காற்று தள்ளிக் கொண்டு போய்விட்டது. உப்புப் பாத்திகளில் விளைந்த உப்பு வெள்ளை வெளேரென்று அள்ளுவார் இல்லாமல் கிடந்தது. அள்ள வேண்டியவர்கள் எல்லாம் அரசருக்கு மீன் ஆய்ந்து கொண்டிருந்தார்கள். சின்னக்கா வீட்டுக்கு அறுப்பு நேரமாகப் பார்த்துப் போக வேண்டும் என்று கோமளவல்லி சொன்னாள். அறுப்பு நேரத்துக்குத்தான் வந்திருக்கிறான். மேகம் வர மறுத்தால் தலையணையோடு கிளம்ப வேண்டியதுதான்.

மேகம் மறுநாள் வந்தது. நண்பகலில் வெயில் மங்கியதும், அரசர் இலையின் முன் அமர்ந்திருந்த பந்தலுக்குள் ஒரு பெண் நேராக நடந்து வந்தாள். கால் முழுக்க உப்பு பூத்திருந்தது. பாத்தியில் உப்பு வாரும் பேச்சிக்கிளி அவள். கடலாண்டி கையைக் குறுக்கே நீட்டினார். அவள் அதன் அடியில் குனிந்து வந்துவிட்டாள்.

"மவராசா, நீங்க நல்லா இருக்கணும்."

"இருக்கிறோம், அம்மா" என்றார் அரசர்.

"ஆனா வேற ஊர்ல இருக்கணும்."

அவள் கிழக்கே கையை நீட்டினாள்.

"மழை வந்துட்டிருக்கு. பாத்தியில கெடக்கிறது ஆறு மாச வேலை. நாலு தூத்தல் விழுந்தா அம்புட்டும் தண்ணி. நாங்க உங்களுக்கு மீன் பொரிச்சிட்டு இருக்கோம். தலைவரக் கேட்டா தேரு, தேருங்காரு. எங்களுக்குத் தேரு வேண்டாம் சாமி. உப்பு வேணும்."

"தேரா? என்ன தேர்?" என்றார் அரசர்.

கடலாண்டி ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். இம்முறை அங்கே உண்மையாகவே பார்க்க வேண்டியது இருந்தது. அவரும் ஒரு காலத்தில் பாத்தியில் நின்றவர்தான். தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"நீங்க அதிக நாள் தங்குற ஊருக்குப் புதுத்தேர் செஞ்சு தரதா அமைச்சரய்யா மூணு ஊருக்கும் சொல்லி அனுப்பினாரு சாமி. போதும். நான் சொல்லிட்டேன். போதும்."

அரசர் தாமோதரராயரைப் பார்த்தார். தாமோதரராயர் ஓர் இறாலை மிகக் கவனமாக உரித்துக் கொண்டிருந்தார்.

அரசர் எழுந்து கை கழுவினார். எடை போடுவதைச் சற்றுப் பிறகு வைத்துக் கொள்ளலாம் என்று, தம் பல்லக்குத் தூக்கிகளையும் காவலர்களையும் பாத்திக்கு அனுப்பினார். இரண்டு கூடைகளுக்குப் பிறகு தாமும் இறங்கினார். அரசர் இறங்கியதால் அமைச்சரும் இறங்க வேண்டியதாயிற்று. கடைசிக் குவியலை ஓலையால் மூடிய பிறகுதான் மழை விழுந்தது.

தலைநகர் திரும்பியதும் சபை கூடியது. மூன்று தலைவர்களும் நின்றார்கள். தாமோதரராயருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது.

"அரசே, மிளகுச்சாரலில் நான்கு நாள், உப்பங்கரையில் பதினோரு நாள். இதுவா ஈடு? கொம்பையனுக்குக் குறை இருக்குமே."

அரசர் கொம்பையனைப் பார்த்தார். "உண்மைதானே? உமக்குக் குறைதான். கவலை வேண்டாம், நாளைக் காலையே புறப்பட்டு வந்து மீதி நாளைத் தங்கிவிடுகிறேன்."

"குறையா? எனக்கா?" கொம்பையன் சாஷ்டாங்கமாக விழுந்தார். "நெஞ்சு நிறைஞ்சு கிடக்குதுங்க! இதுக்கு மேல ஒரு நாளும் தாங்காதுங்க!"

மருதப்பர் கேட்கும் முன்னாலேயே விழுந்தார். கடலாண்டி அவருக்கும் முன்னால்.

"இன்னும் தராசு இருக்கிறது" என்றார் தாமோதரராயர்.

தராசு வந்தது. ஒரு தட்டில் பழைய கல். மறு தட்டில் அரசர். இதையெல்லாம் நல்லகூத்தன் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தானா என்று கேட்டால், அந்த நேரத்தில் அவனும் அதே கேள்வியைத்தான் குலதெய்வத்திடம் கேட்டுக் கொண்டிருந்தான். முள் ஆடியது. ஆடி, அரசர் பக்கம் இம்மி சாய்ந்து நின்றது.

"சாய்ந்துவிட்டது!" தாமோதரராயர் குதித்தார். அந்த வயதில் குதிக்கக் கூடாது.

நல்லகூத்தன் தராசின் அருகே போனான். மூக்கைச் சுருக்கினான். காலையிலிருந்து சபை முழுவதும் ஒரு வாசனை இருந்தது. மரியாதை காரணமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அரசே, இடுப்புக் கச்சையில் இருப்பதையும் பயணத்தில் சேர்க்க வேண்டுமா?"

அரசர் சிவந்து போனார். கச்சைக்குள் கையை விட்டு, வாழைச் சருகில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தார். "உப்பங்கரைக் கருவாடு. அரசிக்காக" என்றார் மெதுவாக.

பொட்டலத்தை நல்லகூத்தன் இரண்டு கைகளாலும் வாங்கிக் கொண்டான். முள் நகர்ந்து வந்து நடுவில் நின்றது.

பூபாலதேவர் சிரிக்கத் தொடங்கினார். தட்டு குலுங்கியது, முள் ஆடியது, சபையே சிரித்தது. கட்டிலோடு தூக்கி வரப்பட்ட ஆண்டிலிருந்து சேர்த்து வைத்த சிரிப்பு அது. கழுத்து மாலையைக் கழற்றி நல்லகூத்தனுக்குப் போட்டார். கோமளவல்லிக்குப் பட்டுப்புடவை தரச் சொன்னார். பேச்சிக்கிளியின் ஊருக்கு, மழைக்கு ஒழுகாத பெரிய உப்புக் கொட்டகை ஒன்று.

"இன்னும் என்ன வேண்டும், கேள்."

"எனக்கு எதுவும் வேண்டாம், அரசே. ஒரே ஒரு குறைதான். நாடு முழுக்கத் தங்கினீர்கள். இத்தனை ஆண்டுகள் தங்களுக்காகத் திட்டம் போட்டு உழைத்த பேரமைச்சர் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. அவர் மனம் என்ன பாடுபடும்?"

அரசர் தாமோதரராயரைப் பார்த்தார். தாமோதரராயர் தம் கால் கட்டை விரலைப் பார்த்தார்.

"நியாயம்தானே, தாமோதரராயரே? எத்தனை நாள் தங்கட்டும்?"

"அதே வழக்கம்தான், அரசே" என்றான் நல்லகூத்தன். "அமைச்சர் தம் வாயால் போதும் என்று சொல்லும்வரை."

அரசருக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல உப்பு வாரும் பேச்சிக்கிளிக்கு இருந்த தைரியம் பேரமைச்சருக்கு இல்லை. பூபாலதேவர் அன்று மாலையே பெட்டி படுக்கையோடு போய் இறங்கினார். தீபாவளி வந்து போயிற்று. பொங்கலும் வந்து போயிற்று. அரசர் நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார், அமைச்சரின் தோட்டத்தில் காலையும் மாலையும் நடந்தார். எல்லாம் ஈடாக இருந்தன. கதை முடியும் இந்த வரிவரை தாமோதரராயர் வாயைத் திறந்ததாகத் தகவல் இல்லை.